பதினாலுக்கு நாற்பத்திரண்டு

"ஓட்டம் கூட்டத்தான் இஞ்ச எல்லாரும் வாற.
குறைக்கச் சொல்லி ஒருத்தரும் வரல்ல"
என்றார் மஃறூப் காக்கா,
அக்கரைப்பற்றில், பழைய பஸ் டயர்களுக்கு நடுவே
ஸ்பானரால் முதுகைச் சொறிந்தபடி.

கணக்குக் கொப்பியை விரித்தேன்.
கச்சானுக்குக் கச்சான் ஒரு சாண்.
என் கை பையிலிருந்து மண்ணுக்குப் போய்த் திரும்ப
ஒன்றரை விநாடி.
இந்தச் சின்ன உழவுமெஷின்
ஆகக்குறைந்த கியரிலும்
அதற்குள் மூன்று சாண் போய்விடுகிறது.
பின்பலகையில் குந்தியிருந்து நான் போட்ட முதல் வரிசை
முளைத்த அன்று பார்த்தால்
பொக்கைவாய்.

கிளச்சை மிதித்து மிதித்து ஓட்டிப் பார்த்தாள்
மச்சாள் கேதாரகௌரி.
இரண்டே நாளில்
கிளச் தட்டும் அவள் முழங்காலும் போய்விட்டன.
தட்டுக்கு ஒன்பதாயிரம்.
முழங்காலுக்கு வேப்பெண்ணெய்.

காக்கா கேட்டு முடித்து
சீமெந்து கலக்கும் மெஷின் ஒன்றின் வயிற்றிலிருந்து
இரண்டு பற்சில்லுகளைக் கழற்றி வந்தார்.
ஒன்று சிரட்டை அளவு,
மற்றது சோற்றுக்கோப்பை அளவு.
எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில்
புதிதாய் ஓர் அச்சு.
வெல்டிங் வெளிச்சத்துக்கு
கராஜ் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தது.

அஸர் பாங்குக்கு முன்னம் வேலை முடிந்தது.
ஏறினேன். ஒன்றாம் கியர். கிளச்சை விட்டேன்.
மெஷின் மெதுவாக,
நான் கேட்ட அதே மெதுவில்,
பின்னால் போனது.

போய், டயர் அடுக்கில் சாய்ந்து நின்றது.
இரண்டாம் கியர், பின்னால்.
மூன்று, இன்னும் பின்னால்.
ரிவர்ஸைப் போட்டால்
முன்னுக்கு.

பல்லும் பல்லும் கடித்தால்
ஒன்று வலம் கிறுக மற்றது இடம் கிறுகும்.
பத்தாம் வகுப்பில் இதை எழுதிச் சரி வாங்கியவள் நான்.
முப்பது வருடமாய் இதைக் கையால் அறிந்தவர் அவர்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
கேதாரகௌரிதான் டயரில் இருந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப ரிவர்ஸையே முன்கியர் எண்டு வெச்சுக்கங்களன்."
"பின்வாங்க மூன்று கியர்,
முன்னேற ஒன்று மட்டுமா காக்கா?
அதுக்கு மெஷின் எதுக்கு,
நாங்களே போதும்."

தொழுதுவிட்டு வந்தவர் கையில்
ஒரு மோட்டார்சைக்கிள் செயின்.
மேலே பதினாலு பல், கீழே நாற்பத்திரண்டு பல்,
ஒன்றையொன்று தொடாமல்
ஒரே பக்கமாய்க் கிறுகின.
"பாத்து ஓட்டுங்க.
ஓட்டம் மூண்டில ஒண்டாகினா
இழுவை மூண்டு மடங்கு.
வடலி வேரில கொழுவினா இது நிக்காது,
அச்சுத்தான் முறியும்."

தம்பிலுவிலுக்குத் தெருவால் வந்தோம்.
ஆகக்கூடிய கியரே இப்போது நடை.
ஓட்டோக்கள் முந்தின. பான் வண்டி முந்தியது,
பாட்டோடு.
யாருடையதோ ஒரு கிடாரிக் கன்று
கொஞ்ச தூரம் கூட நடந்து, சலித்து,
அதுவும் முந்தியது.

சோதனைச் சாவடி இருந்த வளைவில்
எந்த வாகனமும் இன்னமும் பழக்கத்தில் ஓட்டம் குறைக்கும்.
அங்கே இப்போது எருக்கலை மட்டும்தான்.
எங்களிடம் குறைக்க ஒன்றும் மிச்சமில்லை.
வந்த வேகத்திலேயே
அந்த இடத்தைக் கடந்தோம்.
கேதாரகௌரி எதுவும் சொல்லவில்லை,
ஹோர்னை மட்டும் ஒருதரம் அடித்தாள்.

விடியற்காலை, கடற்பக்கக் காணி.
மணல் இன்னும் குளிர்.
மெஷின் போகிறதா நிற்கிறதா என்று
சில்லின் நிழலைப் பார்த்துத்தான் சொல்லலாம்.
சாண், கச்சான்.
சாண், கச்சான்.
செயினுக்கு ஒரு தகரமூடி அடிக்க வேண்டும்,
சட்டை நுனி இரண்டுதரம் அதைத் தேடிப் போனது.
சாண், கச்சான்.
நடுவில்
கொட்டாவி விடக்கூட நேரம் இருந்தது.

நாலாம் வரிசையில், வேலிக்குக் கிட்ட,
அந்தக் கொட்டாவி விழுந்த இடம்
எட்டு நாளில் தெரியும்.